கூலி கேட்பது பொறாமையா?

உடன் உழைப்பவரின் ஊதியத்தைப் பார்க்காதே, உனக்குக் கிடைப்பதில் நிறைவு கொள் என்னும் அறிவுரை நம் நாட்டில் எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே வழங்கப்படுகிறது. சில வேளைகளில் மறையுரை மேடையும் அதற்குத் துணைபோகிறது. மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமை அதற்குச் சான்றாக்கப்படுகிறது. முணுமுணுத்தவரைத் தோட்ட உரிமையாளர் கண்டித்தார், ஆகவே நீயும் வாய் திறவாதே என்கிறார்கள்.

இது உவமையைத் தலைகீழாக வாசிப்பதாகும். வாழவந்தி முதலிய சேர்வராயன் மலையூர்களில் காப்பித் தோட்டக் கூலியால் வாழும் எம் மக்களுக்கு இவ்வுவமை விளக்கமின்றியே புரியும். அந்த உரிமையாளர் எவருக்கும் ஒரு தெனாரியத்துக்குக் குறைவாகக் கொடுக்கவில்லை. அதுவே அக்காலத்தில் ஒரு நாள் கூலி. கடைசியில் வந்தவர் தொடங்கி, எல்லாரும் காணக் கொடுத்தார். முணுமுணுத்தோர் தமக்குச் சமமான கூலி வேண்டும் என்றா கேட்டார்கள்? பிந்தி வந்தோரைத் தமக்குச் சமமாக்கியது ஏன் என்றே கேட்டார்கள். ஆண்டவரின் கண்டனம் சமத்துவத்தைக் கேட்டவர்மீது அன்று, அதனை வெறுத்தவர்மீதே விழுந்தது.

நம் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஊதியத் திருத்தத்தின்போது, முன்பே பணியிலிருந்தவரின் பழைய 4,500 ரூபாய் 1.86-ஆல் பெருக்கப்பட்டது, புதியவருக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியம் ஏதுமில்லை. ஒரே தகுதி, ஒரே பாடநூல், ஒரே வகுப்பறை; ஒரு நாள் இடைவெளிக்கு 3,170 ரூபாய் வேறுபாடு! அகவிலைப்படியும் ஊதிய உயர்வும் அடிப்படை ஊதியத்தின்மீதே கணக்கிடப்படுவதால் இந்த இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்தது. 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் அந்த ஆசிரியர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 புத்தாண்டு நாளில் குழு ஒன்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் பட்டினி கிடந்தார்கள். இவர்களையா பேராசைக்காரர் என்பது?

ஒப்பிட்டுப் பார்ப்பது பாவமானால், நம் நீதிமன்றங்களின் நல்ல தீர்ப்புகள் பல பிறந்தே இரா. பம்பாய்க் கப்பல் நிறுவனமான மக்கின்னன் மெக்கன்சியில் பணியாற்றிய பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவர், ஆண் சுருக்கெழுத்தாளரைவிடத் தமக்குக் குறைவாகக் கொடுப்பது ஏன் என்று கேட்டார். கொடுக்க வசதியில்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பஞ்சாபின் தற்காலிக ஊழியர் வழக்கில் 2016-இல் அதே மன்றம், குறைந்த கூலிக்கு இசைபவர் மனமுவந்து இசைவதில்லை, குடும்பத்தைக் காக்க வேண்டியே இசைகிறார் என்று உணர்த்தியது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' மடலில் கற்பித்ததும் இதுவே: தேவையின் நெருக்கடியில் பெறப்பட்ட சம்மதத்தால் அநீதி நீதியாகிவிடாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரசு உதவி பெறும் நம் பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் அறையில் இரு வகையினர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஊதியம் அரசு தருவது. மற்றவருக்கு நிர்வாகம் தருவது. பின்னவர் பெறுவது முன்னவர் பெறுவதில் சிறு பங்கே. அவர் உயர்வு கேட்டால், 'சேவை மனப்பான்மை வேண்டும்' என்கிறோம். மிகக் குறைவாகப் பெறுபவரிடம் மட்டும் இந்த மனப்பான்மையை எதிர்பார்ப்பது எவ்வகை நற்செய்தி?

நிதியில்லை என்பது பல இடங்களில் உண்மையே. உண்மையானால் கணக்கேட்டை அவர்முன் திறந்து வையுங்கள். கட்டடத்துக்கு எவ்வளவு, விழாவுக்கு எவ்வளவு, ஆசிரியருக்கு எவ்வளவு என்று அவரும் காணட்டும். இவ்வாண்டு இயலாததை எவ்வாண்டு செய்வோம் என்று எழுத்தில் கொடுங்கள். மிகுதியாகப் பெறும் ஆசிரியர்களே, நீங்களும் உங்கள் தோழருக்காகப் பேசுங்கள். அவருடைய உயர்வினால் உங்கள் தெனாரியம் குறையப்போவதில்லை. கேட்க வருபவரைப் பொறாமைக்காரர் என்று திருப்பி அனுப்புவதை மட்டும் இன்றோடு நிறுத்துவோம்.