தோள் இறங்கினா ஏத்திவிட்டாப் போதுமா?

1/
கபடியில ஒரு பிடி. தோள்பட்டை இறங்கிடுச்சு. கேஷுவால்டியில மூட்டை உள்ளே ஏத்தி, ஸ்லிங் மாட்டி அனுப்புறோம். வலி போயிடும். மறுபடி இறங்கும். மறுபடி ஏத்துவோம்.

நான் ஆபரேஷன் பண்ற எலும்பு டாக்டர் இல்லை, மூட்டை ஏத்திவிடுற டியூட்டி டாக்டர். அந்த இடத்துல நின்னு சொல்றேன்: ஏத்திவிடுறது முதலுதவி. அடிக்கடி இறங்குற தோளுக்கு அது மட்டும் சிகிச்சை ஆகாது.

2/
ஏன் தோள் மட்டும் இப்படி?

சின்னக் கரண்டியில பெரிய எலுமிச்சம்பழத்தை வச்சு ஓடுற மாதிரிதான் தோள்மூட்டு. பந்து பெரிசு, கிண்ணம் ஆழமே இல்லை. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடியுறது அதனாலதான். கிண்ணத்தோட விளிம்புல இருக்கிற குருத்தெலும்பும், சுற்றியுள்ள ஜவ்வும் தசையும்தான் பந்தைப் பிடிச்சு வைக்குது.

3/
தோள் முன்பக்கமா நழுவும்போது அந்த விளிம்பு கிழியும். 1923-லேயே பேங்கார்ட் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் இதை எழுதிட்டார். கிழிஞ்சது சரியான இடத்துல ஒட்டலைன்னா அடுத்த நழுவல் சுலபம்.

ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தின் எலும்பு கொஞ்சம் தேயலாம், பந்துலயும் பள்ளம் விழலாம். கடைசியில சட்டை மாட்டும்போதும், பஸ் கம்பியைப் பிடிக்கும்போதும், தூக்கத்துல புரளும்போதும் இறங்கும்.

4/
இதுல வயசு முக்கியம். 20 வயசுக்குள்ள முதல் தடவை இறங்கினா, மறுபடி இறங்குற வாய்ப்பு ரொம்ப அதிகம். 40 தாண்டினா அது குறைவு, ஆனா தோளைத் தூக்குற தசைநார் கிழிஞ்சிருக்கலாம். ஏத்தினப்புறமும் கையைத் தூக்க முடியலைன்னா விடாதீங்க.

5/
ஆபரேஷன்ல முக்கியமா ரெண்டு வகை.

எலும்பு பெரிசா தேயலைன்னா, சின்னத் துளை வழியா கேமரா விட்டு, கிழிஞ்ச விளிம்பை நூலால திரும்ப எலும்போட கட்டுவாங்க.

கிண்ணத்துல சுமார் கால்வாசி போயிருந்தா அது தாங்காது. பக்கத்து எலும்புத் துண்டை வெட்டி, கிண்ணத்து முன்னாடி வச்சு ஸ்க்ரூ போடணும். 1954-ல லத்தார்ஜே என்ற பிரெஞ்சு சர்ஜன் சொன்ன முறை. நல்ல பலன் தரும், ஆனா பெரிய வேலை.

தள்ளிப்போடத் தள்ளிப்போட, சின்ன ஆபரேஷன்ல முடியவேண்டியது பெரிய ஆபரேஷன் ஆகலாம். இதுதான் என் வாதமே.

6/
அப்போ எல்லாருக்கும் கத்தியா? இல்லை. சிலருக்குத் தசைப் பயிற்சியே போதும். வலிப்பு வந்து தோள் இறங்கினா முதல்ல வலிப்பைக் கட்டுப்படுத்தணும். பிறவியிலேயே எல்லா மூட்டும் தளர்வா இருக்கிறவங்களுக்குப் பயிற்சிதான் முதல் படி.

7/
பலர் தள்ளிப்போடுறது பயத்தால இல்லை. ஆபரேஷனுக்கப்புறம் சில வாரம் ஸ்லிங், பல மாசம் பிசியோதெரபி. மூட்டை தூக்குறவரும் சென்ட்ரிங் வேலை செய்றவரும் அத்தனை நாள் கூலிக்கு எங்கே போவாங்க? நியாயமான கேள்வி. ஆனா சாரத்து மேல நிக்கும்போது தோள் இறங்கினா என்ன ஆகும்னும் யோசிங்க. வேலை குறைவா இருக்கிற மாசமாப் பார்த்துத் தேதி கேளுங்க. பிசியோவைப் பாதியில விட்டா ஆபரேஷன் பலன் பாதி போயிடும்.

8/
நீங்க செய்யவேண்டியது:

• நண்பர்களை விட்டு இழுக்கச் சொல்லாதீங்க, நாட்டுக்கட்டுக்கும் ஓடாதீங்க. கூடவே எலும்பு முறிஞ்சிருக்கலாம், நரம்பு அடிபடலாம். எக்ஸ்ரே அவசியம்.
• ரெண்டாவது தடவை இறங்கினா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எலும்பு ஓபிக்குப் போங்க. இளவயசு, விளையாட்டு வீரர்னா முதல் தடவையே போங்க.
• பழைய எக்ஸ்ரே, காப்பீட்டு அட்டை ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.
• "எம்ஆர்ஐ, சிடி தேவையா? எலும்பு தேய்ஞ்சிருக்கா?"ன்னு கேளுங்க.

9/
எங்க பக்கமும் ஒரு மாற்றம் வேணும். எத்தனையாவது தடவைன்னு ஒவ்வொரு கேஷுவால்டி சீட்டுலயும் எழுதி, எலும்பு ஓபி தேதியும் கொடுத்து அனுப்பணும். செலவே இல்லாத ஒரு வரி. எழுதலைன்னா நீங்களே கேட்டு எழுதி வாங்குங்க. உங்க தோள், உங்க உரிமை.