தெரிந்தேதான் ஆடினார்களா? டேவ் டூயர்சனும் 'லேசான' காயமும்

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மூளை சிதைந்துபோன வீரர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், கருத்தரங்க அறைகளில்கூட, ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: "தெரிந்துதானே ஆடினார்கள், அதற்குத்தானே அவ்வளவு ஊதியம்?" பொருளியல் படித்தவர் இதை ஒப்பந்தச் சுதந்திரம் என்பார், அறவியல் படித்தவர் தகவலறிந்த ஒப்புதல் என்பார். இரண்டுமே 'தெரிந்து' என்ற ஒற்றை வினையெச்சத்தின்மேல் நிற்கின்றன. யாருக்குத் தெரிந்தது, எது தெரிந்தது, எப்போது தெரிந்தது என்று கேட்டால் அந்த வாதம் நிற்காது. டேவ் டூயர்சனின் வாழ்க்கையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

1960-இல் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் பிறந்த கறுப்பினத்தவர் டூயர்சன். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றவர். 1983-இல் சிகாகோ பேர்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் ஆடிய இடம் 'சேஃப்டி', அதாவது தற்காப்பின் கடைசிக் காவல். எறிந்த பந்தை இடைமறிப்பதும், மற்ற காவலர்களைத் தாண்டி ஓடிவருபவரைத் தரையில் சாய்ப்பதும் அந்த இடத்தின் வேலை. ஆனால் பட்டி ரயன் வகுத்த '46' என்னும் தற்காப்பு முறையில் சேஃப்டி பின்னால் நின்று காத்திருக்க முடியாது. முன்வரிசையை ஒட்டி நின்று, ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே பந்தெறிபவரை நோக்கிப் பாய வேண்டும். 1986 பருவத்தில் டூயர்சன் எதிரணிகளின் குவார்ட்டர்பேக்குகளை 7 முறை வீழ்த்தினார். பின்வரிசைக் காவலர் ஒருவரின் சாதனையாக அது 2005 வரை நிலைத்தது. 11 பருவங்கள், நான்கு முறை புரோ பவுல், சிகாகோவுடனும் பின்னர் நியூயார்க் ஜயன்ட்ஸுடனும் தலா ஒரு சூப்பர் பவுல் வெற்றி. முழு வேகத்தில் வரும் ஓர் உடலை முழு வேகத்தில் ஓடும் இன்னோர் உடலால் நிறுத்துவதே இந்தப் பெருமைகள் அனைத்துக்கும் மூலதனம்.

தலையில் அடிபட்டுக் கண் இருண்டால் வீரர்கள் அதை 'மணியடித்துவிட்டது' என்பார்கள். உடை மாற்றும் அறையின் இந்தக் கேலிச்சொல்லுக்கு மருத்துவ அங்கி போர்த்தியது லீக். 1994-இல் தேசியக் கால்பந்து லீக் அமைத்த குழுவின் பெயர் 'லேசான மூளைக் காயக் குழு'. ஆய்வு தொடங்கும் முன்பே முடிவைத் தலைப்பில் எழுதிவிட்ட குழு அது. மூளைக் காயத்தை ஆராயும் அந்தக் குழுவுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் ஒரு முடக்குவாத மருத்துவர் என்பதைத் தனியே கேலி செய்ய வேண்டியதில்லை. அடிபட்ட வீரர் அதே ஆட்டத்துக்குத் திரும்புவதில் குறிப்பிடத்தக்க ஆபத்தில்லை என்று இக்குழுவினர் ஆய்விதழில் எழுதினர். 2005-இல் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய நோய்க்கூறியலாளர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் டாவ் புரதப் படிவுகளைக் கண்டதாக எழுதியபோது, அக்கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டவர்களும் இதே குழு மருத்துவர்களே.

ஆனால் 1999-லேயே, வெப்ஸ்டரின் ஊனத்துக்குக் கால்பந்தில் பட்ட தலையடிகளே காரணம் என்று லீக்கின் ஓய்வூதிய வாரியம் ஏற்றுக்கொண்டு அவருக்குப் பணம் வழங்கியிருந்தது. வாரியத்தில் வாக்குரிமை பெற்றவர்கள் ஆறு பேர்: மூவர் அணி உரிமையாளர் தரப்பு, மூவர் வீரர் சங்கத் தரப்பு. ஒரு மேசையில் 'காரணம் இதுதான்' என்று எழுதிவிட்டு, அடுத்த மேசையில் 'சான்று இல்லை' என்று எழுத முடிந்திருக்கிறது.

2006-இல் சங்கத்தின் சார்பில் அந்த வாரியத்தில் அமர்ந்தார் டூயர்சன். முன்னாள் வீரர்களின் ஊனக் கோரிக்கைகள் அவர் முன்னே வந்தன. 2007-இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, ஜெனரல் மோட்டார்ஸில் 30 ஆண்டுகள் உழைத்த தம் தந்தைக்கும் அல்சைமர் நோய் உண்டு, அவர் தொழில்முறை விளையாட்டு எதுவும் ஆடியதில்லை, ஆகவே பாதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது நியாயமான கேள்வியே என்று பேசினார். சக வீரர்கள் பலர் அவரை மன்னிக்கவில்லை. மன்னித்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இல்லை.

2011 பிப்ரவரியில், 50 வயதில், மூளைக்குச் சேதம் நேராத வகையில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தம் மூளையை ஆய்வுக்குக் கொடுக்குமாறு எழுதி வைத்திருந்தார். அவருக்கு நாட்பட்ட அதிர்வுசார் மூளைச் சிதைவு இருந்ததென அதே ஆண்டு மே மாதம் பாஸ்டன் பல்கலைக்கழகம் அறிவித்தது. இதைத் தியாகமாகச் சித்திரிப்பது அருவருப்பானது. ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பதும் அறிவியல் ஆகாது.

ஆனால் 'தெரிந்து' என்பவர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொருளியல் பட்டதாரி, தொழிற்சங்கப் பிரதிநிதி, நோயுற்றவர்களின் கோப்புகளை வாசிக்கும் பதவியில் இருந்தவர். அவருக்கே தெரியவில்லை என்றால் இருபத்திரண்டு வயதில் கையெழுத்திடும் இளைஞனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தே மறுத்தார் என்றால், அந்த மறுப்பை நம்பி ஆடியவர்களின் ஒப்புதல் எதற்கான ஒப்புதல்?

கல்விப்புலத்தில் எழும் இன்னொரு மறுப்பும் உண்டு. 2017-இல் வெளியான ஆய்வில் இந்த லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-இல் சிதைவு காணப்பட்டது. அறிகுறி கண்ட குடும்பங்களே மூளையைத் தானம் செய்யும், ஆகவே இது பக்கச்சாய்வுள்ள மாதிரி என்பது சரியான விமர்சனம். ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விமர்சனத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்பவர்கள்தாம் சிக்கல். மொத்த வீரர்களில் எத்தனை பேருக்கு என்ற விகிதம் தெரியவில்லை என்பது ஒன்று. நோய் இல்லை என்பது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் கேட்பவர் காதில் ஏற்றும் வித்தையில் லீக் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிழைத்தது. 2010-இல் குழுவின் பெயர் 'தலை, கழுத்து, முதுகெலும்புக் குழு' என மாறியது. 'லேசான' என்ற அடைமொழி போனது.

வழக்குகள் பெருகிய பின், 2013-இல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசப்பட்டது. பிறகு உச்சவரம்பு நீக்கப்பட்டு 2015-இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. தவறு செய்ததாக லீக் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இழப்பீட்டுக்கான மறதிநோய்ச் சோதனையில் கறுப்பின வீரர்களின் தொடக்க அறிவாற்றல் வெள்ளையருடையதைவிடத் தாழ்ந்தது என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. தொடக்கமே தாழ்வு என்றால் இழப்பும் குறைவு, இழப்பீடும் இல்லை. ஓய்வுபெற்ற வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆடுகளத்தில் இடியை வாங்கும்போது எவருடைய தலைக்கும் இப்படித் தனி அளவுகோல் வைக்கப்படவில்லை.

2020-இல் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர் கெவின் ஹென்றியும், ஓட்டக்காரராக ஆடிய நஜே டேவன்போர்ட்டும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு லீக் அந்த அளவுகோலைக் கைவிட ஒப்புக்கொண்டது. 2022-இல் நீதிமன்றம் ஏற்ற திருத்தத்தின்படி, இனத்தின் பேரில் கழிக்கப்பட்ட மதிப்பெண்கள் மீண்டும் கணக்கிடப்பட்டன.