சூளைக்கு முன்னர் வீட்டு வாசல்

ஜேர்மனிக்கு அகதிகளாக வந்த எம்மவர் பலருக்கு, இந்நாட்டின் மொழிக்கு முன்னரே அறிமுகமானவை குப்பைத் தொட்டிகள். தாளுக்கு ஒன்று, சமையற்கழிவுக்கு ஒன்று, பொதியுறைகளுக்கு மஞ்சள் பை, எஞ்சியவற்றுக்கு இன்னொன்று. "வீசும் குப்பைக்கு இத்தனை சட்டமா?" என்று சலித்துக்கொள்ளாதவர் நம்மில் அரிது. அந்தச் சலிப்புக்குள் ஒரு பெரும் பாடம் இருக்கிறது.

சீமெந்து செய்வதற்குச் சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். நெடுங்காலம் இதற்கு நிலக்கரியே எரிக்கப்பட்டது. இன்று ஜேர்மனியச் சீமெந்து ஆலைகள் தமக்கு வேண்டிய வெப்பத்தின் பெரும்பகுதியைப் பழைய ரயர்களிலிருந்தும், தொழிற்சாலைக் கழிவுகளிலிருந்தும், வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்ரிக், தாள், துணி ஆகியவற்றிலிருந்தும் பெறுகின்றன. பதப்படுத்தாத வீட்டுக் குப்பையை நிலத்திற் கொட்டுவதை 2005 யூன் முதலாம் திகதி முதல் இந்நாடு தடைசெய்தமையும் இதற்கு வழிகோலியது.

நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. நிலக்கரி மிஞ்சுகிறது. சூளையின் கடும் வெப்பம் நச்சுச் சேர்மங்களைச் சிதைக்கிறது. எரிந்த சாம்பலும் சீமெந்திலேயே கலந்துவிடுகிறது. எனினும் கண்டதையெல்லாம் விழுங்கும் பூதமன்று இச்சூளை. சமையற்கழிவின் ஈரம் வெப்பத்தைக் குடித்துவிடும். சிலவகைப் பிளாஸ்ரிக்கில் உள்ள குளோரின் ஆலையின் பாதைகளை அடைத்துவிடும். பற்றரியிலும் மின்குமிழிலும் உள்ள இரசம் ஆவியாகிப் புகைபோக்கியால் வெளியேறப் பார்க்கும். ஆகவேதான் பிரித்தல், உலர்த்தல், துண்டாக்கல், புகையை இடையறாது அளத்தல் என்பன இங்கு கட்டாயமாயின. தவிர்த்தல், மீளப் பயன்படுத்தல், மீள்சுழற்சி ஆகியவற்றுக்குப் பின்னரே எரித்தல் என்பது 2008ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் வகுத்த வரிசையுமாகும். இன்னொன்றையும் மறக்கலாகாது. சீமெந்து ஆலை வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு சுண்ணக்கல்லிலிருந்தே பிறக்கிறது. எரிபொருளை மாற்றுவதால் அது குறையாது.

இதை நாம் இன்று எழுதுவதற்குத் தாயகத்தில் காரணம் உண்டு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் தலைநகரின் குப்பையைப் புத்தளம் அறுவாக்காட்டுக்கு, சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட நிலத்துக்கு, அனுப்பத் திட்டம் வகுக்கப்பட்டது. 2018இல் புத்தளம் மக்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தனர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய மாவட்டம் அது. ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்டவர்களின் வாசலுக்கே மாநகரின் குப்பையும் போகவேண்டுமா? அகதிகளாகிய நாம் இக்கேள்வியைக் கேளாதிருக்கலாகாது.

"புத்தளத்தில்தான் சீமெந்துச் சூளை இருக்கிறதே, அதில் எரித்துவிடலாம்" என்பார் உளர். அது பாதி உண்மை. இலங்கையின் நகரக் குப்பையில் பெரும்பகுதி ஈரமான உணவுக் கழிவு. கொழும்பு வீடுகளில் அது பிரிக்கப்படாதவரை, புத்தளத்துக்குப் போவது எரிபொருளன்று, வெறும் குப்பையே. சூளை உள்ள ஊர் என்பதற்காக ஓர் ஊர் குப்பைக்கூடையாகிவிடாது.

காங்கேசன்துறைச் சூளைகள் 1990இல் போரால் அணைந்தன. அவற்றை மீளக் கட்டும் பேச்சு போர் ஓய்ந்த பின்னர் பலமுறை எழுந்துள்ளது. இனியும் எழுமாயின், வேலைவாய்ப்பு என்ற ஒரு சொல்லோடு நாம் நிறைவடைந்துவிடலாகாது. எதை எரிப்பார்கள்? யார் பிரிப்பார்கள்? புகையின் அளவை ஊர்மக்கள் பார்க்க முடியுமா? யாழ்ப்பாணத்தின் குடிநீரைத் தாங்கி நிற்கும் சுண்ணக்கல்லை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டுவார்கள்? இவற்றுக்கு எழுத்தில் விடை வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுக்கிறோம். இங்கே சலிப்போடு கற்ற இந்த ஒழுங்கையும் அனுப்புவோம். சூளை பிற்பாடு வரட்டும். வீட்டு வாசலில் இரண்டு தொட்டிகள் முதலில் வரட்டும்.