மௌலிவாக்கம்: தொடராத செய்தி

போரூரிலிருந்து குன்றத்தூர் செல்லும் வழியிலுள்ள மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு சரிந்து 61 பேர் மாண்டபோது, மின்னல் தாக்கியதே காரணம் எனக் கட்டுமான நிறுவனத் தரப்பு கூறியது; அது செய்தியாகவும் வந்தது. விபத்தை விசாரித்த நீதிபதி ஆர். ரகுபதி ஆணையமோ கட்டமைப்பு வடிவமைப்பின், அதாவது கட்டடத்தின் எடையைத் தூண்களும் அடித்தளமும் தாங்குமாறு கணக்கிட்டு வரையப்படும் திட்டத்தின், குறைபாடுகளையும் அலட்சியத்தையும் சுட்டிக்காட்டியது.

2016 நவம்பர் 2 அன்று, எஞ்சியிருந்த இணைக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. புழுதி அடங்கும்வரை நீடித்த அந்தக் கவனம், அனுமதி வழங்கிய முறையையும் பொறுப்பானவர்கள் மீதான வழக்கையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதற்குக் கிடைக்கவில்லை என்பது வேதனைக்குரியது. இறந்தவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். அவர்களுடைய குடும்பங்கள் இங்குள்ள நாளிதழ்களின் வாசகர்கள் அல்லர், வீட்டுமனை விளம்பரம் தரும் நிறுவனங்களோ அந்த நாளிதழ்களின் வருவாய்க்கு ஆதாரமானவை. ஆகவே, ஒரு நிறுவனத்தின் குற்றத்தைப் பற்றி எழுதும் இதழ், அதனிடம் விளம்பரம் பெற்றிருந்தால் அதைச் செய்தியின் அருகிலேயே அறிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை ஒவ்வொரு விசாரணைக்கும் செய்தியாளரை அனுப்பவும் வேண்டும்.