கடல்மல்லையில் ஒரு நாள்

பல்லவர்களுக்குக் காஞ்சி தலைநகரம். மாமல்லபுரம் துறைமுக நகரம். அந்தக் காஞ்சியிலிருந்து சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மூன்று தலைமுறையினர் அடங்கிய குடும்பம் ஒன்று மாமல்லபுரத்திற்குப் புறப்பட்டது. மகன், மருமகள், பத்து வயதுப் பேரன், அவர்களுடன் எழுபத்தாறு வயது நிறைந்த பாட்டி.

ஊர் எல்லையை அடைந்ததும் மகன் சொன்னார்: "வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிடலாம் அம்மா. பெருமாளைத் திரும்பும்போது சேவிக்கலாம்."

பாட்டி மெல்லச் சொன்னார்: "முன்பு மூன்று தடவை வந்தபோதும் இதையேதான் சொன்னோம் அப்பா. சிற்பங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவதற்குள் உச்சிவேளை ஆகி, நடை சாத்திவிட்டார்கள். அடுத்த முறை சேவித்துக்கொள்ளலாம் என்று உன் அப்பா வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். அவருக்கு அடுத்த முறை வாய்க்கவே இல்லை."

மகன் மறுமொழி கூறவில்லை. வண்டி ஊர் நடுவே இருக்கும் ஸ்தலசயனப் பெருமாள் திருக்கோயிலை நோக்கித் திரும்பியது.

திருமங்கையாழ்வார் கடல்மல்லைத் தலசயனம் என்று பாடிய திவ்ய தேசம் இதுவே. முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் ஐப்பசி அவிட்டத்தில் அவதரித்த தலமும் இதுவே. அவர் அருளியது இரண்டாம் திருவந்தாதி.

சந்நிதியில் நின்ற பேரன் பாட்டியின் காதருகே கேட்டான்: "இந்தப் பெருமாளுக்குப் பாம்பணை எங்கே பாட்டி?"

அக்கேள்விக்கு விடையாக அமைந்திருப்பதே தல வரலாறு. புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்டிருக்கும் எம்பெருமானின் திருவடியில் சேர்க்க விரும்பினார். இடையே கடல் தடுத்தது. அதை இறைத்து வழி காண எண்ணிக் கைகளாலேயே நீரை இறைக்கத் தொடங்கினார். கடல் வற்றவுமில்லை, அவர் ஓயவுமில்லை. ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்து பசிக்கு உணவு கேட்டார். "நீர் சென்று உணவு கொண்டு வாரும்; அதுவரை நான் இறைக்கிறேன்" என்றார். முனிவர் உணவுடன் திரும்பியபோது, அம்மலர்களைச் சூடிக்கொண்டு வெறும் தரையிலேயே பெருமாள் பள்ளிகொண்டிருந்தார். பக்தனுக்காக விரைந்து வந்தவர் பாம்பணையை எதிர்பார்க்கவில்லை.

இக்கதையைச் சொல்லி முடித்தபோது பாட்டியின் கண்கள் நிறைந்திருந்தன. கணவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். நிலமங்கைத் தாயாரையும் சேவித்து வெளியே வந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை.

அருகிலேயே இருக்கும் அர்ச்சுனன் தபசுப் பாறையை நிதானமாகப் பார்த்தார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும், அவரைப் போலவே தவம் செய்வதாகப் பாசாங்கு செய்யும் பூனையையும் பேரனுக்குக் காட்டியவர் பாட்டிதான். பிறகு கடற்கரைக் கோயிலுக்குச் சென்றார்கள். அங்கே நடக்க முழங்கால் இடம் கொடுக்காததால், பாட்டி மர நிழலில் அமர்ந்துகொண்டார்.

சிறிது நேரத்தில் பேரன் ஓடி வந்தான். "பாட்டி! இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே அங்கேயும் ஒரு பெருமாள் படுத்திருக்கிறார். ஆனால் விளக்கும் இல்லை, பூவும் இல்லை."

ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோயிலில் இருப்பவரைப் பழங்கல்வெட்டு 'பள்ளிகொண்டருளிய தேவர்' என்று குறிக்கிறது. 1984 முதல் மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. காண்போர் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே நித்திய பூசை இல்லை.

"நீ கைகூப்பினாயா?" என்று கேட்டார் பாட்டி.

"கூப்பினேன்."

"அதுவே அவருக்குப் பூ."

மாமல்லபுரம் செல்லும் மூத்தோர் முதலில் பெருமாளைச் சேவித்துவிடுவது நலம். சிற்பங்கள் மாலைவரை காத்திருக்கும். சந்நிதி நண்பகலில் சாத்தப்படும். அதன் பின்னர் கடற்கரைவரை நடக்க இயலவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. கடலை இறைத்து முடிக்க இயலாத அடியவரைத் தேடிக் கரைக்கே வந்தவர் அவர். நம் கால்கள் ஓயும் இடத்திற்கும் வருவார்.