கணக்கில் வராத ஹிட்

"பட்டியலில் ஏறாததை மக்கள் பாட்டு என்று சொல்லாதீர்கள்" என்கிறார் நண்பர். சாட்சிக்கு அவர் இழுப்பது 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பு. 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' உலகிலேயே நான்காம் இடம். சந்தோஷம். ஆனால் முதலிடம் யாருக்கு? அயர்லாந்தின் விடுதலைப் பாட்டு ஒன்றுக்கு. ஐந்தாம் இடம் திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. தமிழ்நாட்டில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? 'போஹிமியன் ராப்சடி' பத்தாவதுதான். ஆள் திரட்டியவர் ஜெயிக்கிற ஓட்டு இது.

யூடியூப் கணக்கு மட்டும் யோக்கியமா? பௌர்ணமி இரவில் அவர் திருவண்ணாமலைக்கு வரட்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. ஒரு கடை வாசலில் ஒலிபெருக்கி, அதில் செருகிய ஒரு பென் டிரைவ், கரகரத்தபடி ஒரு சிவன் பாட்டு. விடிவதற்குள் லட்சக்கணக்கான காதுகள் அதைக் கடந்து போகும். பாதிப் பேர் கூடவே முணுமுணுப்பார்கள். யூடியூபுக்கு அது பூஜ்யம்.

திருவெம்பாவையை மாணிக்கவாசகர் இந்த ஊரில்தான் பாடினார் என்பது மரபு. 20 பாட்டு. ஆயிரம் வருஷம் தாண்டியும் மார்கழி தவறாமல் ஒலிக்கிறது, தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் சடங்கிலும்கூட. அதை எந்த வாரத்து டாப் டென்னில் தேடுவது?

இன்னொன்று. அந்த ராக்கம்மாவின் நடுவிலேயே அப்பர் தேவாரம் ஒன்று வருகிறது. விழுந்த ஓட்டுகளில் அப்பருக்கு எத்தனை என்று நண்பர் பிரித்துச் சொல்லட்டும்.