திறந்து கிடக்கும் குழிக்கு யார் பொறுப்பு?



மலைக்கோட்டையைப் பார்த்து வாழும் நமக்கு மணப்பாறை தொலைவூர் அன்று. 2019 அக்டோபர் 25ஆம் நாள் மாலை, அதனருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, பயனற்றுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளியும் கடந்து, 29ஆம் நாள் அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் மீட்க முடிந்தது. அந்த நான்கு இரவுகளும் நம் வீட்டுத் தாய்மார்கள் தம் பிள்ளையாகவே எண்ணித் துஆச் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

விதிமுறை இல்லாததால் நேர்ந்த விபத்தா அது? இல்லை. 2010லேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்துவிட்டது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னரே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சுற்றிலும் வேலியிட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும். இவை நடக்கின்றனவா என்று சரிபார்க்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு. தமிழக அரசும் 2015ல் ஊராட்சிப் பகுதிகளுக்கென விதிகளை இயற்றியது.

அப்படியாயின் குறை எங்கே? கண்காணிக்க வேண்டியவர் கண்காணிக்கத் தவறினால் அவருக்கு என்ன தண்டனை என்று அந்த நெறிமுறைகள் கூறவில்லை. பொதுச் சட்டத்திலோ, சட்டக் கட்டளையை மீறும் அரசு ஊழியரைத் தண்டிக்க ஒரு பிரிவு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 166; இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 198. ஆனால் அவர் அறிந்தே மீறினார், அதனால் ஒருவருக்குத் தீங்கு நேரும் என்பதையும் உணர்ந்திருந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டும். "அந்தப் பக்கம் நான் போகவேயில்லை, கிணறு இருந்ததே தெரியாது" என்பவர் இதில் எளிதில் அகப்படமாட்டார். பார்க்கத் தவறியது எதுவோ, அதுவே அவர் தப்பிக்கும் வழியும் ஆகிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப இயலாதா? இயலும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தக்க காரணமின்றித் தகவல் தராத அலுவலர் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் செலுத்த நேரிடும். பெண்களுக்கு எதிரான கொடுங்குற்றங்களில் புகாரைப் பதியத் தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் என 2013ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மனம் இருந்த இடத்தில் சட்டமும் பிறந்தது. பதவி என்பது அமானிதம்; அமானிதத்தை ஏற்றவர் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் திறந்த குழி இருந்தால் இன்றே மூடுங்கள். பிறருடைய நிலத்தில் இருந்தால், இடத்தைத் தெளிவாகக் குறித்து மனு எழுதி, கிராம சபையிலோ ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ கொடுங்கள். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதன்பின் "எனக்குத் தெரியாது" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.